எடுத்ததற்கு ஒரு கல்

முப்பது வருஷம் கழித்துக் கல்வராயன் மலைக்காடு எப்படி இருக்க வேண்டும் என்பதைக் கொட்டப்பாறை மக்களிடமே கேட்டு முடிவு செய்வது என்று மெட்ராசில் தீர்மானித்தார்கள். கொட்டப்பாறை மக்களிடம் அதுவரை யாரும் எதையும் கேட்டதில்லை. ஜாகிர்தார் காலத்தில் கேட்காமல் வேலை வாங்கினார்கள். பிறகு சர்க்கார் வந்து கேட்காமல் எல்லைக்கல் நட்டது. இப்படிக் கேட்கப்படாமலே நிம்மதியாக இருந்த ஊருக்கு, 1987 செப்டம்பரில், ‘தங்கள் மேலான அபிப்பிராயம் தேவை’ என்று ரேஞ்சர் ஆபீசிலிருந்து கடிதம் வந்ததும் ஊரே கொஞ்சம் பயந்துபோனது.

கடிதத்தைக் கொண்டுவந்தவன் வாச்சர் சின்னக்கண்ணு. அதே ஊர்க்காரன். ஆறு வருஷமாக வனத்துறையில் தற்காலிக வாச்சர். ‘அடுத்த மார்ச்சுல நிரந்தரம் பண்ணிடலாம்யா’ என்று மூன்று ரேஞ்சர்கள் வாக்குக் கொடுத்து, மூவரும் மாற்றலாகிப் போயிருந்தார்கள். டிபார்ட்மென்ட் அவனுக்கு ஒரு காக்கிச் சட்டை கொடுத்திருந்தது. பேன்ட் இன்னும் சேங்ஷன் ஆகவில்லை. ஆகவே இடுப்புக்கு மேலே சர்க்கார், இடுப்புக்குக் கீழே வேட்டி கட்டிய மலைக்காரன் என்று இரண்டு பேராக அவன் நடமாடிக்கொண்டிருந்தான். இருவருக்கும் சேர்த்து வயிறு ஒன்றுதான்.

“இன்னா கேக்கப் போறாங்களாம்?” என்றாள் அவன் மனைவி பூமாலை.

“காட்டுல இன்னா மரம் வேணும்னு கேப்பாங்களாம். பள்ளிக்கூடத்து வாசல்ல படம் போட்டு, அதுல விதைய வைக்கச் சொல்லுவாங்களாம். படத்துல எது வருதோ அதான் நடக்கும்னு ரேஞ்சர் சொன்னாரு.”

பூமாலை கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். ஊருக்குக் கீழே ஒரு சரிவு இருக்கிறது. ஏழு கடுக்காய் மரம், இரண்டு பலா, ஒரு புளி, நடுவில் அரை ஏக்கர் சாமைக் கொல்லை. அவள் அம்மா அவளுக்குச் சீதனமாகக் கொடுத்தது. காகிதப்படி அந்தச் சரிவு வனத்துறைக்குச் சொந்தம். உழைப்பு, அறுப்பு, பன்றி விரட்டுவது போன்ற மற்ற எல்லா விஷயத்திலும் பூமாலைக்குச் சொந்தம். பக்கத்து மலையில் இரண்டு வருஷத்துக்கு முன் சரிவு சரிவாகத் தைலமரம் நட்டதை அவள் பார்த்திருந்தாள். அடுத்து நம்முடையதுதான் என்ற பயம் அவளுக்கு அன்றிலிருந்து இருந்தது.

“அப்போ நம்ம சரிவுல நானே வந்து வைக்கிறேன்,” என்றாள். “நீ சட்டையப் போட்டுக்கினு நின்னா வாய் தொறக்க மாட்ட.”

சின்னக்கண்ணுவுக்கு ரோஷம் வந்தது. ஆனால் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்ததால் வாய் திறக்கவில்லை.

நிபுணர் வந்தார். பெயர் டாக்டர் அறிவுச்செல்வன். மெட்ராசில் ஏதோ ஆய்வு மையம். ஜோல்னாப் பை, கேமரா, டிரான்சிஸ்டர், நாலு நிறத்தில் நாலு பேனா. நல்ல மனிதர். அதில் சந்தேகமே இல்லை. தரையில் உட்கார்ந்தார், எல்லோரையும் ‘வாங்க, போங்க’ என்றார், சொம்பில் தண்ணீர் வாங்கி உதடு பட்டுக் குடித்தார். இவ்வளவு நல்லவராக இருக்கிறாரே, இதில் என்ன ஆபத்து வரப்போகிறதோ என்று ஊர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

“நீங்க எல்லாரும் இந்தக் காட்டோட பங்குதாரர்கள்,” என்று ஆரம்பித்தார்.

அடிவாரத்து விவசாயிகள் சார்பில் வடக்கனந்தலிலிருந்து சுப்புராயன் வந்திருந்தார். நாலு ஏக்கர் நஞ்சை, ஒரு கிணறு, சந்தேகம் கேட்கும் சுபாவம். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்.

“பங்குன்னா, ஆளுக்கு எத்தினி பங்குங்க?”

“அப்படி இல்லைங்க. அது ஒரு கருத்து.”

“அப்போ பத்திரம் ஒண்ணும் கெடையாது?”

“கிடையாது.”

“சரி, மேல சொல்லுங்க,” என்று சுப்புராயன் சுவரில் சாய்ந்துகொண்டார்.

பள்ளிக்கூடத்து வாசலில் கோலமாவால் மலையை வரைந்தார்கள். ஓடைக்குச் சாம்பல், பாதைக்குச் செம்மண். மலையை நாற்பத்தெட்டுக் கட்டமாகப் பிரித்தார் அறிவுச்செல்வன். 2017-ஆம் வருஷம் எந்தக் கட்டத்தில் எந்த மரம் நிற்க வேண்டுமோ அந்த மரத்தின் விதையை மக்கள் வைக்க வேண்டும். அவர் எண்ணிக்கொண்டு போவார். மெட்ராசில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது, அது இந்த எண்ணிக்கையைச் சாப்பிட்டுவிட்டுக் காட்டின் எதிர்காலத்தைத் துப்பும். அடுத்த ஆடியில் மழை வருமா என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்த ஊருக்கு, முப்பது வருஷத்தை ஒரு பெட்டி சொல்லிவிடும் என்பது பெரிய ஆறுதலாக இருந்தது.

“வூட்ல இருக்கற விதையெல்லாம் கொண்டாங்க. படம் பெரிசு, நிறைய வேணும்,” என்றார்.

கொண்டுவந்தார்கள். ஆனியில் பழுத்த பலாவின் கொட்டையை மண்ணில் புரட்டிப் பானையில் போட்டு வைத்திருந்தார்கள். ஐப்பசியில் சாமை அறுக்கும்வரை பசிக்கு அதுதான் கைக்காவல். அதைப் பானையோடு கொண்டுவந்து கொட்டினார்கள். புளியங்கொட்டை வந்தது, காய்ந்த கடுக்காய் வந்தது, கைப்பிடி கைப்பிடியாகச் சாமை வந்தது. எப்படி வைப்பது என்று காட்டுவதற்காக அறிவுச்செல்வன் தன் பையிலிருந்த தைலமரக் காய்களை எடுத்து, உதாரணத்துக்கு என்று கட்டத்துக்கு நாலாக வைத்துக்கொண்டே போனார். ரேஞ்சர் ஆபீசில் அதுதான் நிறையக் கிடைத்ததாம்.

பிறகு ஜனங்கள் வைத்தார்கள். முதலில் தயங்கி, அப்புறம் சண்டை போட்டு, அப்புறம் சிரித்து. பூமாலை தன் சரிவின் கட்டத்தில் ஏழு கடுக்காயை மரம் நிற்கிற இடம் பார்த்து வைத்தாள். பலாக்கொட்டையை இரண்டு கையாலும் அள்ளி வைத்தாள். ஓடையோரம் முழுக்கச் சுப்புராயன் புளியங்கொட்டையை வரிசையாக அடுக்கினார். “மேல பெரிய மரம் நின்னாத்தான் என் கெணத்துல தண்ணி நிக்கும்,” என்றார். தைலமரத்தை ஒருவரும் தொடவில்லை. இரண்டு கையிலும் பலாக்கொட்டையோடு சிரிக்கும் பூமாலையை அறிவுச்செல்வன் போட்டோ எடுத்தார். கடைசியாக நீளமான ஒரு தாளில் எல்லோரிடமும் கைநாட்டு வாங்கினார்.

“மேல ஒண்ணும் எழுதலியே,” என்றார் சுப்புராயன்.

“தலைப்பை அப்புறம் டைப் பண்ணிக்கலாம்.”

படம் நாலைந்து நாள் அப்படியே இருக்க வேண்டும், மக்கள் வந்து யோசித்து மாற்றி வைக்கலாம், கிளம்பும் நாளில்தான் எண்ணுவது, அதுவரை அறிவுச்செல்வன் எட்டியும் பார்ப்பதில்லை என்று ஏற்பாடு. மழைக்குத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு அறிவுச்செல்வன் சின்னக்கண்ணுவைக் கூப்பிட்டார்.

“இது உங்க பொறுப்பு. நீங்க ஒரு விதையும் நகராம பாத்துக்கணும்.”

“சரிங்க சார்,” என்று சட்டை பதில் சொன்னது.

சாயங்காலம் சுப்புராயன் கிளம்பினார். மறுநாளிலிருந்து ஒரு வாரம் சாலை மறியல். தங்கள் ஜாதிக்குத் தனி இட ஒதுக்கீடு கேட்டுக் கீழ்நாடு முழுக்க ரோட்டுக்கு வரப்போகிறது.

“எம் பையன் அன்பு பி.எஸ்சி. முடிச்சிட்டு மூணு வருசமா மாடு ஓட்டிக்கினு இருக்கான்,” என்றார் சின்னக்கண்ணுவிடம். “நானும் போய் ரோட்டுல குந்தணும். எங்க ஊர்ல ஒரு வூடு பாக்கியில்ல, எல்லாரும் வராங்க.”

சமையல் சாமான் வாங்கி விடிந்ததும் வந்துவிடுகிறேன் என்று ஜீப் டிரைவரும் அவரோடு இறங்கினான். விடிந்தது. டிரைவர் வரவில்லை. கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சி வரை, அங்கிருந்து தியாகதுருகம் வரை ரோட்டோரத்துப் புளியமரங்கள் ரோட்டுக்குக் குறுக்கே படுத்திருக்கின்றன என்று டிரான்சிஸ்டரும், அடிவாரம் போய்வந்த ஒருவனும் சொன்னார்கள். மலைக்கு வரும் ரேஷன் லாரியும் நின்றுபோனது.

முதல் இரண்டு நாள் அறிவுச்செல்வன் கையிருப்பு ரொட்டியிலும் அரிசியிலும் ஓட்டினார். மூன்றாம் நாள், “மக்கள் சாப்பிடறதையே நானும் சாப்பிடறேன்,” என்று அறிவித்தார். கேட்கவே மனசு குளிர்ந்தது. மக்கள் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தது காட்டுக்கிழங்கு. பழகாத தொண்டையில் அது அரிக்கும். மக்களோடு ஒன்றிப்போன நிபுணர் மூன்று மணி நேரம் தொண்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சின்னக்கண்ணு வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்துக்கொண்டான்.

“ஊருக்கு வந்த மனுசன் பட்டினி கெடக்கறாரு. வூட்ல ஒண்ணும் இல்லியா?”

“இருக்குது,” என்றாள் பூமாலை. “எல்லாம் அவரு படத்துல கீது.”

கொட்டப்பாறையில் ஒரு வழக்கம் உண்டு. காட்டில் பசி வந்து அடுத்தவர் மரத்தில் காய் பறிக்க நேர்ந்தால், பறித்தவர் மரத்தடியில் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போவார். எடுத்திருக்கிறேன், திருப்பிக் கொடுப்பேன் என்று அர்த்தம். கொடுத்த பிறகு அவரே வந்து அந்தக் கல்லைத் தூக்கி எறிவார். அதுவரை மரத்துக்காரர் உட்பட எவரும் கல்லைத் தொட மாட்டார்கள். திருட்டு என்ற பேச்சு அந்த ஊரில் வராமல் இருந்ததற்கு அந்தக் கல்தான் காரணம்.

சின்னக்கண்ணு தார்ப்பாயைத் தூக்கினான். பலாக்கொட்டை ஒவ்வொன்றாக எடுத்தான். எடுத்த இடத்திலெல்லாம், ஒன்றுக்கு ஒன்று, ஓடையிலிருந்து பொறுக்கிவந்த வெள்ளைக் கூழாங்கல்லை வைத்தான். ஒரு கல்லும் கோடு தாண்டவில்லை. அத்தனை நேர்மையாக ஒரு தப்பைச் செய்ய அந்த ஊர்க்காரனால்தான் முடியும்.

பூமாலை மிளகாய் அரைத்துப் போட்டுக் குழம்பு வைத்தாள். அறிவுச்செல்வன் ஒரு வாய் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

“அம்மா, மெட்ராஸ்ல இந்த ருசி கிடையாது. என்னது இது?”

“பலாக்கொட்டைங்க.”

“உங்க காட்டுலேர்ந்தா?”

“ஆமாங்க,” என்றாள் பூமாலை. அதில் பொய் எதுவும் இல்லை.

அன்றிலிருந்து மூன்று வேளையும் அதுதான். கட்டம் கட்டமாகப் பலா அடுப்புக்குப் போனது. சாமையை எறும்புகள் முதல் நாளே இழுத்துக்கொண்டு போயிருந்தன. அவையும் பங்குதாரர்கள்தானே. நாலாம் நாள் பலாக்கொட்டை தன் வேலையைக் காட்டியது. அறிவுச்செல்வனின் வயிறு உப்பி, டிரான்சிஸ்டர் சத்தத்தையும் மீறிப் பேச ஆரம்பித்தது. அதற்குக் கடுக்காயை இடித்துக் கஷாயம் வைக்க வேண்டியதாயிற்று. கடுக்காய் வேறு எங்கே இருந்தது? எடுத்த இடத்தில் கறுப்புக் கல் வைத்தான். ஐந்தாம் நாள் பலா தீர்ந்தது. புளியங்கொட்டையை வறுத்து ஊறவைத்து அவித்தார்கள். அதற்குச் செங்கல் சில்லு. கூழாங்கல் பொறுக்கிப் பொறுக்கிச் சின்னக்கண்ணுவின் விரல் நுனி தேய்ந்தது. தைலமரக் காயை மட்டும் யாரும் தொடவில்லை. தின்னவும் முடியாது, மருந்துக்கும் ஆகாது, அடுப்பெரிக்கவும் அளவு போதாது.

சாப்பிட்டுவிட்டு அறிவுச்செல்வன் ரேடியோ கேட்பார், வருத்தப்படுவார்.

“எத்தனை வருஷத்து மரங்கள், ஒரே ராத்திரில போச்சு பாருங்க. மரத்தோட அருமை தெரியாத ஜனங்க!” என்பார், கன்னத்தில் ஒதுக்கிய புளியங்கொட்டையோடு.

பிறகு ஒருநாள் ரேடியோ துப்பாக்கிச் சூடு என்றது. இறந்தவர்கள் என்று ஒரு எண்ணிக்கை சொன்னது. பெயர் சொல்லவில்லை. சுப்புராயனும் அவர் மகனும் ரோட்டில் இருப்பார்களே என்று சின்னக்கண்ணு பாறை மேல் ஏறிப் பார்த்தான். மலையிலிருந்து பார்த்தால் வடக்கனந்தல் பக்கம் புகை மட்டும் தெரிந்தது. அன்று அறிவுச்செல்வனே ரேடியோவை அணைத்தார்.

ஆறாம் நாள் காலை பூமாலை கேட்டாள்.

“ஒவ்வொண்ணுக்கும் கல்லு வச்சியா?”

“ஒவ்வொண்ணுக்கும் வச்சேன்.”

“அப்போ நான் மூங்கித்துறை போயி அக்கா வூட்ல கொட்டை வாங்கியாந்துடறேன். நாளை மறுநாள் மத்தியானம் வந்துடுவேன். அவரு எண்ணறதுக்குள்ள எல்லாத்தையும் வச்சுப்புடலாம். நீ பாத்துக்கோ.”

மூங்கித்துறை இரண்டு மலை தள்ளி. ரோடு கிடையாது, நடைதான். வெறும் கோணிப்பையைத் தலையில் மடித்துப் போட்டுக்கொண்டு அவள் ஏறிப் போனாள்.

எட்டாம் நாள் காலை எட்டு மணிக்கு ஜீப் சத்தம் கேட்டது. மறியல் முடிந்துவிட்டது, மரங்களை இழுத்து ஓரம் போடுகிறார்கள், உடனே கிளம்பினால் மத்தியானம் விழுப்புரத்தில் ரயில் பிடிக்கலாம் என்றான் டிரைவர். அறிவுச்செல்வன் ஒரு வாரமாகக் கனவு கண்ட வார்த்தை அது. நோட்டை எடுத்துக்கொண்டு படத்தருகே ஓடி, தார்ப்பாயை விலக்கினார். அப்படியே நின்றுவிட்டார்.

நாற்பத்தெட்டுக் கட்டத்திலும் கல். வெள்ளை, கறுப்பு, சிவப்பு. நடுநடுவே அவர் வைத்த தைலமரக் காய், கட்டத்துக்கு நாலு.

சின்னக்கண்ணுவுக்கு வேட்டி நழுவுவது போலிருந்தது.

“பிரமாதம்!” என்றார் அறிவுச்செல்வன். “யோசிச்சு மாத்தியிருக்காங்க! நான் சொன்னேன்ல, மக்களுக்கு அவகாசம் கொடுத்தா உண்மையைச் சொல்லுவாங்கன்னு. வெள்ளைக் கல்லு வெறும் பாறை. சிவப்பு மண் அரிச்ச இடம். கறுப்பு, தீப்புடிச்ச இடம். தரிசை எவ்வளவு துல்லியமாக் குறிச்சிருக்காங்க! தரிசுல எது வரும்னும் அவங்களே விட்டு வச்சிருக்காங்க பாருங்க.”

“சார், அது கல்லு இல்லீங்க சார். பலா.”

அறிவுச்செல்வன் ஒரு கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு அவனைப் பரிவோடு பார்த்தார்.

“சின்னக்கண்ணு, இது கல்லு.”

“கல்லுதான் சார். ஆனா பலா.”

டிரைவர் ஹாரன் அடித்தான்.

“நீங்க டிபார்ட்மென்ட் ஆளு. நீங்க நடுவுல பூந்தா மக்கள் கருத்து கெட்டுப்போயிடும். அவங்க சொல்லட்டும்.”

சொல்வதற்கு அவர்கள் இல்லை. பாதிப் பேர் கிழங்கு தோண்டப் போயிருந்தார்கள், மீதிப் பேர் வழி திறந்தது என்றதும் ரேஷன் கடைக்கு இறங்கியிருந்தார்கள். இன்னும் ஒரே ஒரு வாக்கியம்தான் பாக்கி. ‘நான்தான் எடுத்தேன் சார், நீங்க சாப்ட்டீங்க.’ அது அவன் தொண்டை வரைக்கும் வந்தது. ஒரு விதையும் நகராமல் பார்த்துக்கொள்ளச் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆறு வருஷம் நினைவுக்கு வந்தது, அடுத்த மார்ச்சு நினைவுக்கு வந்தது. விழுங்கிவிட்டான். கோழைத்தனம் என்பதற்கு வேறு பெயர் தேட வேண்டியதில்லை. அவனே பிற்பாடு அந்தப் பெயரைத்தான் சொல்லிக்கொண்டான்.

ஜீப் போய்விட்டது. மத்தியானம் பூமாலை வந்தாள். கோணிப்பை நிறையப் பலாக்கொட்டையும் புளியங்கொட்டையும் கடுக்காயும், கழுத்து உள்ளே போகும் கனம். ஜீப்பின் தடத்தைப் பார்த்தாள். புருஷனின் முகத்தைப் பார்த்தாள்.

“எண்ணிட்டாரா?”

“உம்.”

“நீ சொல்லல?”

“சொன்னேன்... பாதி சொன்னேன்.”

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். பையை அவிழ்த்து வாசலில் உட்கார்ந்தாள். ஒரு கல்லை எடுத்து எறிந்தாள், அந்த இடத்தில் ஒரு கொட்டையை வைத்தாள். அடுத்த கல். அடுத்த கொட்டை. பொழுது சாயும்வரை வைத்துக்கொண்டேயிருந்தாள். எண்ணுகிறவர் விழுப்புரம் தாண்டியிருப்பார், படம் அப்போதுதான் நிறைந்தது. கடைசி இடத்திலும் கொட்டையை வைத்தபோது அங்கே எடுத்த வெள்ளைக் கல் கையில் இருந்தது. அதை எறியாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“எடுத்ததுக்கெல்லாம் நாம வச்சுட்டோம். இது நம்மது இல்ல. தின்னவருது.”

அறிக்கை வந்தது. வழவழப்பான அட்டையில் பூமாலை, இரண்டு கையிலும் பலாக்கொட்டையோடு சிரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே, ‘கொட்டப்பாறை மக்கள் தங்கள் நிலத்தைத் தரிசு எனத் தாமே அடையாளம் கண்டு, தைலமரத்தை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தனர்’ என்று இருந்தது. கைநாட்டுகளுக்கு மேலே தலைப்பையும் டைப் செய்துவிட்டார்கள். அடுத்த மழைக்கே நாற்று வந்து இறங்கியது. ஆறு வருஷமாக ஒரு பேன்ட்டை அனுப்ப முடியாத டிபார்ட்மென்ட் நாற்பதாயிரம் கன்றுகளை ஒரே வாரத்தில் அனுப்பியது. தரிசில் மரம் இருக்க முடியாது என்பதால், பூமாலையின் சரிவில் நின்ற பத்தும் மரமல்ல என்று ஆகிவிட்டது. மரமல்லாதவற்றை வெட்ட இரண்டு நாள் பிடித்தது. மேற்பார்வை வாச்சர் சின்னக்கண்ணு. பெரிய பலா விழுந்தபோது பூமாலை வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவன் அங்கேயே நின்று அழுதான். காக்கிச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டான்.

இரண்டு வருஷம் கழிந்தது. ஒதுக்கீடு கிடைத்தது. சுப்புராயன் மகன் அன்புவுக்கு உளுந்தூர்பேட்டைப் பக்கம் சர்க்கார் வேலைக்குக் கடிதம் வந்தது. அதைச் சொல்ல அவர் மலையேறி வந்த அதே நாள், தோட்டத்தின் வளர்ச்சியை மதிப்பீடு செய்ய அறிவுச்செல்வனும் வந்திருந்தார். ஏதோ விருது வாங்கியிருந்தாராம், கொஞ்சம் சதை போட்டிருந்தார்.

“எங் கெணத்துல தண்ணி ஒரு ஆளு ஆழம் எறங்கிப் போச்சு,” என்றார் சுப்புராயன் பொதுவாகக் காற்றைப் பார்த்து. “நாங்க மரத்த வெட்டிப் போட்டுக் கேட்டோம். உசுரு போச்சு, ஆனா காதுல உழுந்துச்சு. இவங்க குந்தி மரியாதையா வெதைய வச்சுக் கேட்டாங்க. காதுல உழல.”

அறிவுச்செல்வன் அதை நோட்டில் குறித்துக்கொண்டார். பச்சைப் பேனாவில். பிறகு வயிற்றைத் தடவியபடி பூமாலை பக்கம் திரும்பினார்.

“அம்மா, மெட்ராஸ்லேர்ந்து வரும்போதே நெனச்சுக்கிட்டு வந்தேன். அன்னிக்கு மூணு வேளையும் போட்டீங்களே, அந்தப் பலாக்கொட்டைக் குழம்பு. இன்னிக்கு இருக்கா?”

“உக்காருங்க சாமி,” என்றாள் பூமாலை. வாழையிலை போட்டாள், தண்ணீர் தெளித்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, அந்த வெள்ளைக் கல்லை இலை நடுவில் வைத்தாள்.

“அந்தக் குழம்பு உங்க படத்துலேர்ந்து எடுத்து வச்சதுங்க. நீங்க தின்னதுக்கெல்லாம் கல்லு வச்சோம். நீங்க கல்ல எண்ணிக்கினு போயிட்டீங்க. மரம் போச்சு. இது ஒண்ணுதான் மிச்சம்.”

அறிவுச்செல்வனின் முகம் ஒருகணம் மாறியது. புரிந்ததுதான். ஆனால் புரிந்துகொள்வது அன்றைய நிகழ்ச்சி நிரலில் இல்லை. சிரித்தார்.

“எவ்வளவு அழகான வழக்கம்! இதை நான் ஒரு கட்டுரையாவே எழுதணும். கல்லை ஞாபகமா என் மேஜைல வச்சுக்கறேன்,” என்று எடுத்து ஜோல்னாப் பையில் போட்டுக்கொண்டார்.

பூமாலை மூச்சை இழுத்தாள். சுப்புராயன் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். கதவோரம் நின்ற சின்னக்கண்ணு, “சார்,” என்றான். குரல் வழக்கம்போல் இல்லை.

“கல்ல வச்சிட்டுப் போங்க சார். எடுத்ததத் திருப்பிக் குடுத்தவங்கதான் அதத் தொடலாம்.”

“சின்னக்கண்ணு, நீங்க டிபார்ட்மென்ட் ஆளு. நீங்க இதுல...”

சின்னக்கண்ணு பித்தானைக் கழற்ற ஆரம்பித்தான். மேலிருந்து கீழாக, ஐந்து பித்தான், அவசரமில்லாமல். சட்டையைக் கழற்றி நாலாக மடித்து ஜீப் டிரைவரின் கையில் கொடுத்தான்.

“இப்போ நானும் மக்கள் சார். அன்னிக்கு ஒரு விதையும் நகரக் கூடாதுன்னீங்க. நான்தான் எடுத்தேன். நீங்கதான் சாப்ட்டீங்க. எழுதிக்குங்க. பேனா நாலு இருக்குது இல்ல?”

கீழே சரிவில் தைலமரங்கள் வரிசையாக நின்றன. அறிவுச்செல்வன் பைக்குள் கை விட்டுத் துழாவி, கல்லை எடுத்து இலையில் வைத்தார். நோட்டை அவர் திறக்கவில்லை. அன்று அவர் கொட்டப்பாறையில் சாப்பிடாமல்தான் இறங்கினார்.

பூமாலை கல்லைக் கழுவி, மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டாள்.